நூற்றில் ஒருத்தி

இன்னும் இரண்டு குவளையாவது குடித்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் உள்ளே போய்விட்டாள். மூத்திரப்பை நிரம்பினால்தான் அதற்குப் பின்னால் கிடக்கிற கர்ப்பப்பை படத்தில் தெளிவாக விழுமாம். மங்கையர்க்கரசி தண்ணீர் கேனுக்கு முன்னால் நின்றபடியே குடித்தாள். பிளாஸ்டிக் வாடை. ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு, தொண்டை போதும் என்றது, அவள் விடவில்லை. பிறகு தலையில் குடம் சுமக்கிறவளைப் போல மெல்ல நடந்து வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அடிவயிறு கல்லாகிக் கிடந்தது. சுற்றிலும் பிள்ளைத்தாச்சிகள். தில்லைநகர் மாடிப்படி ஏறி இந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தபோதே அதுதான் முதலில் முகத்தில் அடித்தது. ஏழு மாசம், எட்டு மாசம், இன்னும் மேடு தட்டாத வெட்கம் பிடித்த மூன்று மாசம். கண்ணாடி வளையல்கள், கையில் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் அம்மாக்காரி. அவர்களும் தண்ணீர் குடிக்கிறார்கள், இவளும் தண்ணீர் குடிக்கிறாள். அவர்கள் வயிற்றைத் தடவிக்கொள்கிறார்கள், இவள் தடவிக்கொள்ளவில்லை. எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் பலகை: கருவில் இருப்பது ஆணா பெண்ணா எனச் சொல்வது சட்டப்படி குற்றம். ஐம்பத்து நாலு வயசில் எனக்குள் இருப்பது என்ன என்று சொல்ல மட்டும் சட்டம் குறுக்கே வராது, நல்லாவே சொல்லுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எதிரே ஒரு சின்னப் பெண் இவளைப் பார்த்துப் புன்னகை செய்தது, யாருக்குத் துணையாக வந்திருக்கீங்க என்கிற புன்னகை. மங்கையர்க்கரசி பதிலுக்குச் சிரிக்கவில்லை. முந்தானையை இடது பக்கம் இழுத்து விட்டுக்கொண்டாள். அங்கே மார்பு இல்லை. துணிப்பை ஒன்று இருந்தது. நாலு வருஷமாக அது இருக்கிறது, இழுத்துவிடுகிற பழக்கம் மட்டும் கைக்கு விடவில்லை.

போன வாரம் பள்ளிக்கூடத்தில்தான் பார்த்தாள். பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்திவிட்டு டீச்சர்கள் கழிவறைக்குப் போனவள் உள்பாவாடையில் ஒரு கறையைப் பார்த்தாள். துருப்பிடித்த ஆணியைத் துணியில் சுற்றி வைத்த மாதிரி ஒரு கறை. கீமோ ஊசி போட்டபோது நின்ற மாதத் தூரம் அது; அப்படியே நின்றுவிட்டது, விட்டது சனியன் என்று தலை முழுகியாயிற்று. நாலு வருஷம் கழித்து மறுபடி வந்து வாசலில் நிற்கிறது. கதவுக்கு வெளியே தமிழம்மா, மங்கை, பீரியட் பெல் அடிச்சிருச்சு என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் உள்ளே சிரிப்பு வந்தது, அசிங்கமான சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டாள். ஏன் சிரித்தேன் என்று இப்போது யோசித்தாள், காலை மாற்றிப் போட்டாள். மாத்திரை ஆரம்பித்த அன்றே பெரிய டாக்டர் சொல்லித்தான் இருந்தார். அவர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை, அதுதான் அவரிடம் இருக்கிற கொடுமை. உங்களுக்கு வந்தது ஹார்மோனைத் தின்னு வளர்ற கட்டிம்மா, அதனால ஹார்மோன் அண்டாம இந்த டமாக்சிஃபென் மாத்திரை பார்த்துக்கும், தினம் ஒண்ணு, அஞ்சு வருஷம், தேவைப்பட்டா பத்து. உடம்பு திடீர்னு கொதிக்கும். கால்ல ரத்தம் கட்டிக்கலாம், கெண்டைக்கால் வீங்கினா உடனே ஓடி வாங்க. கண்ணில் புரை விழலாம். அப்புறம் கர்ப்பப்பை, நூறு பேருக்குக் கொடுத்தா ஒருத்தருக்கு, மிஞ்சிப்போனா ரெண்டு பேருக்கு அங்க புற்று வரலாம், மாதவிடாய் நின்னவங்களுக்குத்தான் அது. ரத்தம் பட்டா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க. ஆனா மத்த தொண்ணூத்தெட்டு பேரை நினைங்கம்மா, மாத்திரை போடாம விட்டா மார்புல திரும்பி வர்றதுக்கு இருக்கிற வாய்ப்பு இதைவிட ரொம்ப அதிகம். கணக்கு டீச்சருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். அவள் தலையாட்டினாள். கணக்கு சரிதான், அதில் பிழை இல்லை. மார்பில் பூட்டுப் போடுகிற அதே மாத்திரை கர்ப்பப்பையில் கதவைத் திறந்து வைக்கிறது. இங்கே ஹார்மோனைப் பட்டினி போடுகிறது, அங்கே தானே ஹார்மோன் வேஷம் கட்டிக்கொண்டு போய் ஊட்டிவிடுகிறது. ஒரே மாத்திரை. வெள்ளையாக, சட்டைப் பொத்தான் மாதிரி. ஒரு வாய்த் தண்ணீரில் இறங்கிவிடுகிற சாதுவான சாமான்.

ரத்தம் பட்டா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க என்றார். அவள் ஒரு வாரம் தள்ளினாள். தள்ளிய ஒவ்வொரு நாளும் வெள்ளைத் துணி மடித்து வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மூன்றாம் நாள் நின்றது. நின்றுவிட்டதே, பிறகென்ன என்றது மனசு. அதற்கு மறுநாள் மறுபடி பட்டது. அப்போதுதான் கணவர் தியாகேசனிடம் சொன்னாள், அதுவும் அவர் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து. அவர் பேப்பரை மடித்து வைத்தார். சரி, போய்ப் பாத்துருவம் என்றார். எப்போதும் அதே சரி. மார்பை எடுக்கவேண்டும் என்றபோதும் அதே சரி. நல்ல மனுஷர், ஊரெல்லாம் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் சோறு ஊட்டியவர், வாந்தி அள்ளியவர். கீழே வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு இப்போதும் காத்துக்கொண்டிருப்பார், மேலே பெண்கள் மட்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். மாத்திரை ஆரம்பித்த வருஷம் ஒரு தடவை பக்கத்தில் வந்தார். உள்ளே எல்லாம் காய்ந்த ஏரி மாதிரி ஆகிக் கிடந்தது, அவளுக்கு மரண வலி, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள், அவர் பாதியில் எழுந்து நீ தூங்கு என்றார். கோபமில்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது கேட்டிருக்கலாம். அந்த வாரமே ஃபேன் காத்து எனக்குச் சேரலை, நீ வேகமா வச்சுக்கிறே என்று சொல்லிக் கூடத்துக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். ஃபேன் உண்மைதான். உடம்பு கொதிக்கிறபோது மார்கழியிலும் அவளுக்கு ஃபேன் முழு வேகத்தில் ஓட வேண்டும். மார்பு போனது போகட்டும் என்று அறுத்துக் கொடுத்தாள், மீதியை மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. முடி மெலிந்தது, இடுப்பு பருத்தது, படுத்தால் கெண்டைக்கால் இழுக்கிறது. இழுத்த உடனே ரத்தக் கட்டோ என்று எழுந்து உட்கார்ந்து காலை அமுக்கிப் பார்க்கவேண்டியது. இப்போதும் குனிந்து பார்த்தாள், இரண்டு காலும் ஒரே மாதிரிதான் இருந்தன. குனிந்தது தப்பு. ஒரு சொட்டு இறங்கியதா? மூத்திரமா, மற்றதா? தொடையை இறுக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் டீச்சர் என்று குரல் கேட்டது. யாரென்று நிமிர்வதற்குள் ஏலக்காய் வாசனை வந்துவிட்டது. ஜெய்த்தூன். ரேடியேஷனுக்குப் போன நாட்களில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்த ஜெய்த்தூன், பாலக்கரைக்காரி, இவளைவிட வயது குறைந்தவள், வலது பக்கம் எடுத்தவள். நம்ம ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழுப் பொம்பளை டீச்சர் என்று சொல்லி அந்த இருட்டு வராந்தாவில் சிரிக்கவைத்தவள். முடி கொட்டி மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போக அவமானப்பட்டு நின்றபோது, துணியைக் காதுக்குப் பின்னால் எப்படிக் கட்டினால் நழுவாது என்று கட்டிக் காட்டியவள். கட்டிக் காட்டிய துணி அவளுடைய துணி, திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. கீழே அண்ணனைப் பாத்தேன் டீச்சர், சலாம் சொன்னேன், நீங்க மேல இருக்கீங்கன்னாரு, பாதி உசுரு வந்துச்சு என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைத்தாச்சிகள் காதில் விழாமல் சொன்னாள்.

“டீச்சர், எனக்கு ரத்தம் பட்டுருச்சு. பத்து நாளா. வீட்டுல யாருக்கும் சொல்லலை, மகளுக்கு நிக்காஹ் வச்சிருக்கு. உங்களுக்கு இப்படி ஏதும் வந்துச்சா? மாத்திரை சாப்பிட்டா இது சகஜமா?”

எனக்கும்தான் என்று சொல்ல வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது, நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. “இல்லையே” என்றாள். “நான் வருஷா வருஷம் பாக்குற செக்கப்புக்கு வந்தேன்.” அப்படியா என்று ஜெய்த்தூன் தலையாட்டினாள். கையை விடவில்லை, பிடி மட்டும் தளர்ந்தது. நல்லது டீச்சர், உங்களுக்காவது ஒண்ணும் இல்லாம இருக்கே என்றாள். எதற்காக இல்லை என்றேன்? மங்கையர்க்கரசி பலகையைப் படித்தாள், கருவில் இருப்பது ஆணா பெண்ணா, மறுபடி படித்தாள். வெட்கமா? ஜெய்த்தூனிடம் என்ன வெட்கம், ஒருத்தி தழும்பை ஒருத்தி பார்த்தவர்கள். பயமா? பயந்தவள்தான் சொல்லுவாள், நீயும் நானும் ஒண்ணு என்று ஒட்டிக்கொள்ளுவாள். அதுதான் காரியம். ஒட்டிக்கொள்ளக் கூடாது. நூறு பேரில் ஒருத்தி. நூறு பேரும் இந்த ஊரில் எங்கெங்கோ இருக்கிறார்கள், மாத்திரையை முழுங்கிக்கொண்டு சமைத்துக்கொண்டும் பஸ்ஸில் போய்க்கொண்டும் இருக்கிறார்கள், அவர்களில் ரத்தம் பட்டு இன்றைக்கு இந்த ஹாலில் உட்கார்ந்திருப்பது இரண்டு பேர். அந்த ஒருத்தி யார்? ஜெய்த்தூன் ஆக இருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் அவள் அதைத் தடுக்கவில்லை. தெருநாய் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரிக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

பை ஒன்றில் நூறு பந்துகள் உள்ளன, ஒன்று சிவப்பு, மற்றவை வெள்ளை. முப்பது வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிற கணக்கு. எடுத்த பந்தைத் திரும்ப வைத்து எடுப்பது ஒரு வகை, திரும்ப வைக்காமல் எடுப்பது இன்னொரு வகை. திரும்ப வைக்காவிட்டால், முதலில் கைவிட்டவள் சிவப்பை எடுத்துவிட்டால், அடுத்தவளுக்குப் பையில் இருப்பதெல்லாம் வெள்ளை. ஆனால் உடம்பு அப்படி இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒருத்திக்கு வந்தால் இன்னொருத்திக்கு வராது என்று எந்தக் கணக்கும் கிடையாது. பகடைக்கு ஞாபகம் கிடையாதுடி என்று பிள்ளைகளிடம் அவளே கத்தியிருக்கிறாள். முன்னே ஆறு விழுந்துச்சுன்னு அடுத்ததுக்குத் தெரியாது, மண்டையில ஏறுதா? ஏறுகிறது. மண்டையில் ஏறுகிறது, அடிவயிற்றில் இறங்க மாட்டேன் என்கிறது. அங்கே ஒரே ஒரு பைதான், ஒரே ஒரு சிவப்புதான், இரண்டு கைகள்தான். ஜெய்த்தூன் பேசிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை மணப்பாறைப் பக்கமாம், குணமானவராம், மகள் அத்தாவைப் போல உயரமாம். இந்த மாத்திரையால எனக்குக் கோவம் மட்டும் தாங்க முடியலை டீச்சர், போன மாசம் அவ கல்யாணப் பட்டுப் புடவை வாங்கியாந்து காட்டுறா, கலரு புடிக்கலைன்னு தூக்கி வீசிட்டேன், புள்ள அழுதுச்சு, உங்களுக்கும் அப்படியா? மங்கையர்க்கரசி ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் ம் என்றாள். அவளும்தான் ஒரு நாள் வகுப்பில் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தாள். கொதிப்பு வந்து வேர்த்து ஊற்றி ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்துப் பின்பெஞ்சில் ஒன்று சிரித்தது. அது அதற்குத்தான் சிரித்ததா என்றுகூடத் தெரியாது. ஐந்து விரலும் பதிந்தது. அந்தக் கோபம் என் கோபமா மாத்திரையின் கோபமா? இப்போது நினைக்கிற நினைப்பு என்னுடையதா மாத்திரையினுடையதா? மாத்திரையினுடையது என்று வைத்துக்கொண்டால் சௌகரியம். பக்கவிளைவு என்று டாக்டர் சொன்னவற்றில் இது இல்லை. பக்கத்தில் இருப்பவளைப் பலி கொடுக்கத் தோன்றும் என்று அவர் சொல்லவில்லை.

நினைத்த மாத்திரத்தில் கொதிப்பு வந்தது. எப்போதும் நெஞ்சுக்குழியில் தொடங்கும். யாரோ உள்ளே அடுப்பைப் பற்றவைத்து ஊதுகுழலால் ஊதுகிற மாதிரி, கழுத்து, கன்னம், காது மடல், உச்சந்தலை. ஏசி அறைதான், பிள்ளைத்தாச்சிகள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மங்கையர்க்கரசியின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது, முதுகில் வழிந்தது, மூத்திரம் முட்டியது, எழுந்து ஓடவேண்டும், ஓடினால் அத்தனை தண்ணீரும் வீண். ஜெய்த்தூன் பார்த்துவிட்டாள். பையிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து விசிற ஆரம்பித்தாள். தனக்கே வந்த மாதிரி அவசரமாக விசிறினாள். உஸ், போயிரும் போயிரும், இந்தா போயிருச்சு. அந்தக் காற்று முகத்தில் பட்டபோது மங்கையர்க்கரசி கண்ணை மூடிக்கொண்டு, இவளாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தாயுமானவா, மலைமேல் இருக்கிறவனே, இவளாகவே இருக்கட்டும். வார்த்தை வார்த்தையாகத்தான் வேண்டினாள், தெளிவாக, இலக்கணப் பிழை இல்லாமல். பிரசவத்துக்குத் தாய் வராத பெண்ணுக்குத் தானே தாயாக வந்து நின்றவன் அவன். அவனிடம் போய் இதைக் கேட்டாள். காற்று நிற்கவில்லை. விசிறுகிற கை ஓய்ந்து இடது கைக்கு மாறியது. வலது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பிறகு ஜெய்த்தூனுக்கு அந்தக் கை சீக்கிரம் வீங்கிவிடும், அது தெரியும், போதும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காற்று வேண்டியிருந்தது.

ஜெய்த்தூன் பீவி என்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டு, எனக்காக துஆ செய்ங்க டீச்சர் என்றாள். செய்றேன் என்றாள் மங்கையர்க்கரசி. கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறக்கிற வரைக்கும் தனக்கு ஒன்றும் இல்லை, அவளுக்கும் ஒன்றும் இல்லை, இரண்டு பேர் கையும் பைக்குள்ளே இருக்கிறது. அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால்? சிரித்துக்கொண்டே வருவாள், அல்ஹம்துலில்லா என்பாள், கட்டிப்பிடித்துக்கொள்வாள். அப்போது அந்தச் சிரிப்பை எப்படித் தாங்குவது? இப்போதே வெறுப்பாக இருந்தது, இன்னும் வராத அந்தச் சிரிப்பின் மேல். அவளுக்கு மகள் கல்யாணம் இருக்கிறது என்று ஒரு பக்கம் சொன்னது. எனக்கு மட்டும் என்ன, பிள்ளை ஓசூரில் தனியாகக் கிடக்கிறான் என்று இன்னொரு பக்கம் சொன்னது. அவள் நல்லவள். நல்லவள்தான், நல்லவளுக்கு அல்லாஹ் இருக்கிறார், சொந்தம் இருக்கிறது, தெருவே வந்து நிற்கும். எனக்கு ஃபேன் காத்து சேராத ஒரு மனுஷர் இருக்கிறார். இப்படிப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பிள்ளைத்தாச்சி, அம்மா, உதைக்குது என்று தன் தாயின் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். தாய்க்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடமும் இந்த இடமும் ஒரே இடம்தான். ஒருத்திக்கு அங்கே கை கால் முளைக்கிறது.

கதவு திறந்தது. ஜெய்த்தூன் சிரிக்கவில்லை. கையில் ரிப்போர்ட் ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து, முதலில் கழிவறைக்குப் போகவேண்டியவள் அதையும் மறந்து, தன் நாற்காலியைத் தேடுகிறவள் போல் நின்றாள். தடிச்சிருக்காம் டீச்சர் என்றாள். உள் ஜவ்வு ரொம்பத் தடிச்சிருக்காம், சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணுமாம், இப்பவே எதையும் சொல்ல முடியாதாம். சொல்லச் சொல்ல உதடு கோணியது. மங்கையர்க்கரசியின் உடம்புக்குள் வெயிலில் வந்தவனுக்குக் கொடுத்த மோர் மாதிரி ஏதோ ஒன்று இறங்கியது. தொண்டையில், நெஞ்சில், கல்லாகிக் கிடந்த வயிற்றில்கூட. அது சந்தோஷம் என்று அவளுக்குத் தெரிந்தது. வேறு பெயர் தேடிப்பார்த்தாள், கிடைக்கவில்லை. ஜெய்த்தூனின் முதுகைத் தடவினாள், சதை எடுத்துப் பாத்தா பாதிப் பேருக்கு மேல ஒண்ணும் இருக்காது, மனசை விடாதே என்றாள். உண்மையைத்தான் சொன்னாள், குரலும் உருகித்தான் இருந்தது. கை தடவிக்கொண்டே இருந்தது. உள்ளே வெள்ளைப் பந்துகள் உருண்டன, எல்லாம் வெள்ளை. அப்போது கதவருகே அந்த நர்ஸ் பெண் நின்று, கையில் இருந்த சீட்டைப் பார்த்து ஹால் முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

“மங்கையர்க்கரசி யாரும்மா? பிளீடிங்குன்னு வந்தவங்க. கடைசியா எப்ப ரத்தம் பட்டுச்சு?”

பிள்ளைத்தாச்சிகள் எல்லாரும் திரும்பினார்கள். மங்கையர்க்கரசியின் கை ஜெய்த்தூனின் முதுகிலேயே இருந்தது. எடுக்கலாமா வைக்கலாமா என்று அதற்குத் தெரியவில்லை. அந்த முதுகு ஒரு முறை விறைத்தது. நேத்து என்றாள். சத்தமா சொல்லுங்கம்மா என்றது பெண். நேத்து என்று மறுபடி சொன்னாள், வகுப்பில் சொல்கிற குரலில். ஜெய்த்தூன் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மங்கையர்க்கரசிக்கு உதவியாக இருந்திருக்கும். ஒரு புரியாமைதான் இருந்தது; கணக்கு விளங்காத முதல் பெஞ்சுப் பிள்ளையின் முகம், கையைத் தூக்கிக் கேட்கவும் பயப்படுகிற முகம். மங்கையர்க்கரசி எழுந்து உள்ளே போனாள்.

உள்ளே இருட்டாக இருந்தது. படுக்கச் சொன்னார்கள். பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொன்னார்கள். லேடி டாக்டர் முகத்தைப் பார்க்காமல் வயிற்றில் ஜில்லென்று எதையோ பிழிந்து ஸ்கேன் கட்டையை வைத்து அழுத்தினாள். உயிர் போய்த் திரும்பியது. விட்டுவிடுவேன் என்று தோன்றியது, இங்கேயே, இந்தப் படுக்கையிலேயே. விட்டுவிட்டால் எல்லாம் நின்றுவிடும், படம் தெரியாது, போய்விட்டு நாளைக்கு வா என்பார்கள். நாளைக்குச் சாகலாம். டாக்டர் அழுத்திக்கொண்டே இருந்தாள், இடது பக்கம், வலது பக்கம், நடுவில். பேச்சில்லை. இவள் பேசாமலிருப்பது எதனால்? ஜெய்த்தூனிடம் பேசினாளா பேசவில்லையா, கேட்டிருக்கலாம். எடுத்த பந்தைத் திரும்ப வைத்துவிட்டார்களோ? ஆமாம், வைத்துவிட்டார்கள், எப்போதும் திரும்ப வைப்பார்கள், ஒவ்வொருத்திக்கும் முழுப் பை, நூறும் இருக்கிற முழுப் பை. ஒருத்திக்கு வந்ததால் இன்னொருத்தி தப்பிப்பதில்லை. வேண்டிக்கொண்டதற்குத்தான் இது, கேட்டதை அவன் கொடுத்துவிட்டான், கேட்ட வாய்க்கும் சேர்த்துக் கொடுப்பான். தாயுமானவா, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவளுக்கும் வேண்டாம். இல்லை, அப்படி இல்லை, முதலில் எனக்கு வேண்டாம், பிறகு அவளுக்கு வேண்டாம். இந்த வரிசையையும் மாற்ற அவளால் முடியவில்லை. மூச்சை இழுத்துப் பிடிங்க என்றாள் டாக்டர். பிடித்தாள். விடுங்க என்றாள். பிறகு துடைத்துக்கொள்ள டிஷ்யூ காகிதத்தைக் கொடுத்துவிட்டு, ஒண்ணும் இல்லம்மா, லைனிங் மெல்லிசாத்தான் இருக்கு, காய்ஞ்சு போனதால கசிஞ்சிருக்கலாம் என்றாள். திரும்பப் பட்டா சும்மா இருந்துராம உடனே வாங்க, உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க. அஞ்சு வருஷத்துக்கு எழுதியிருக்காரே, மிச்சத்தையும் தொடர்ந்து சாப்பிடுங்க.

கழிவறையில் உட்கார்ந்ததும் அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. கல் கரைந்தது, தொடை நடுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. இவ்வளவு சுகம் இந்த உடம்புக்குள் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. மார்பு போனதிலிருந்து, மாத்திரை வந்ததிலிருந்து, இந்த உடம்பு அவளுக்கு வலியைத் தவிர எதையும் கொடுத்ததில்லை. இப்போது கொடுத்தது. குனிந்து பார்த்தாள், துணியில் ஒன்றும் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். வெளியே உட்கார்ந்திருக்கிற ஒருத்தி நினைவுக்கு வந்தாள். வராமல் இருந்திருக்கலாம்.

ஜெய்த்தூன் அதே நாற்காலியில்தான் இருந்தாள், சதை எடுக்கிற தேதி சொல்லக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள். உங்களுக்கு டீச்சர் என்றாள். மெல்லிசாத்தான் இருக்காம் என்றாள் மங்கையர்க்கரசி. ஜெய்த்தூன் கண்ணை மூடித் திறந்தாள், நிஜமாகவே மூச்சு விட்டாள், அல்ஹம்துலில்லா என்று உதடு அசைந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஏதாவது கலப்படம் இருக்கிறதா என்று மங்கையர்க்கரசி உற்றுப் பார்த்தாள். இல்லை. பிறகு ஜெய்த்தூன் ஃபைலின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னாள்.

“உங்களுக்கும் பட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் மட்டும்தான்னு நினைச்சு உள்ள போயிருக்க மாட்டேன் டீச்சர். மேசையில படுத்தப்போ காலு ரெண்டும் தனியா ஆடுச்சு. அந்தம்மா அதட்டுனாங்க.”

மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அது அவளுக்குத் தெரியும். “பயந்து என்ன ஆகப்போகுது ஜெய்த்தூன்” என்றாள் மங்கையர்க்கரசி. “வர்றது வந்துதான் தீரும்.” சொன்ன பிறகு அது எந்த மாதிரி வார்த்தை என்று காதில் விழுந்தது. ஜெய்த்தூன் தலையாட்டினாள், ஆமாம் டீச்சர் என்றாள். உட்கார்ந்து துணைக்கு இருக்கலாம். தேதி கேட்டுக்கொண்டு கூடவே கீழே இறங்கலாம், வீட்டில் சொல்ல வழி பண்ணலாம், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டுவிடாதே என்று அதட்டிச் சொல்லலாம். அதை அவளைவிடப் பொருத்தமாக யார் சொல்ல முடியும். வரேன் என்றாள். மாடிப்படியில் இறங்கும்போது கால்கள் பழைய கால்களாக இருந்தன, வெயில்கூட நன்றாக இருந்தது, தெருவில் யாரோ வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டு போனார்கள், வாங்கித் தின்னவேண்டும் போல இருந்தது.

தியாகேசன் வேப்பமர நிழலில் வண்டியைச் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒண்ணுமில்லையாம் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். சரி என்றார். வண்டியை எடுத்தபோது, அந்த பாயம்மா வந்தாங்களே, ரேடியேஷன்ல இருந்தவங்க, தனியாத்தான் வந்தாங்க போலருக்கு, அவங்களுக்கு என்னாச்சாம், வேணும்னா ஆட்டோ பிடிச்சு ஏத்திவிட்டுட்டுப் போவமா என்று கேட்டார். மங்கையர்க்கரசி பின்னால் ஏறி உட்கார்ந்து முந்தானையை இடது பக்கம் இழுத்து விட்டுக்கொண்டாள்.

“தெரியலை” என்றாள். “நான் கேட்டுக்கலை. நீங்க போங்க.”